நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

கிளேட்டன், மெல்பேர்ண்
3 பெப்ரவரி 2024

மதிப்புக்குரிய சம்பந்தி ஏசுதாசன் அவர்களுக்கு,

நீங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாகச் சிட்னி போய்ச் சேர்ந்ததாக மருமகன் சுதன் சொன்னார். மகிழ்ச்சி.

நான் எழுத வந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் கதைப்பீர்கள், நான் "ஓம், ஓம்" என்பேன், பிறகு சம்பந்தி அம்மா வாங்கி என் மகள் ஷாமினியைக் கேட்பார், அதோடு முடிந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். இது நான்காவது பிரதி. முதல் மூன்றிலும் "தயவுசெய்து" என்ற சொல் அளவுக்கு மீறி வந்திருந்ததால் கிழித்துவிட்டேன்.

ஜனவரி 20, சனிக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில் நீங்கள் கூண்டு வலை போட்டீர்கள். ஞாயிறு காலை அதில் இருபத்தாறு யாபி இறால் விழுந்திருந்தன. ஸ்பிரிங்வேலில் வாங்கிய நண்டோடும் மீனோடும் அந்தக் குளத்து இறாலையும் போட்டு, எனது எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீங்கள் கூழ் காய்ச்சினீர்கள். நான் இரண்டு கோப்பை குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னதையும் மறுக்கவில்லை. பிற்பகலில் புதிதாகக் கோழிக் கழுத்து வைத்து வலையைத் திரும்பவும் தண்ணீரில் இறக்கினீர்கள். திங்கள் காலை பத்து மணிக்குக் காரில் சிட்னிக்குப் புறப்பட்டீர்கள். வலை தண்ணீரிலேயே இருந்தது.

செவ்வாய் காலை அதை இழுத்தெடுத்தவர் ஹரிப்பிரியா. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டுப் பெண், குளத்து நண்பர்கள் குழுவை நடத்துபவர், உங்கள் கூழை "அங்கிள், காரம் ஜாஸ்தி" என்று சொன்னவர். வலைக்குள் இரண்டு நீர் எலிகள் செத்துக் கிடந்தன. ஒரு தாய், ஒரு குட்டி. அவை நீரில் இரை தேடினாலும் மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணிகள். அந்த வலையில் உள்ளே போக வழி இருக்கிறது, வெளியே வர இல்லை. இங்கே அது சில வருடங்களாகத் தடை செய்யப்பட்டிருப்பதும் அதனால்தான்.

தாயின் இடது காதில் ஒரு வெட்டு இருந்தது. இரண்டரை வருடமாக நான் மூன்று குறிப்பேடுகளில் எழுதிவந்தது அவளைப் பற்றித்தான்.

ஹரிப்பிரியா நீர் சொட்டும் வலையோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தார்.

"அங்கிள், இந்தக் கயிறு உங்க வீட்டுக் கொடிக் கயிறுதானே?"

"ஓம்."

"அப்ப வலையும் உங்களோடதா?"

அந்த இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையின் தகப்பனை அயலாரிடம் காட்டிக்கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "ஓம்" என்றேன்.

"நீங்களா? வலை போடக்கூடாதுன்னு போர்டுல தமிழ்ல எழுதிக் கொடுத்ததே நீங்கதானே அங்கிள்!"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வசந்தகாலம் முடிந்ததும் கவுன்சில் அந்தக் குளத்தைத் தூர்வாரிக் கரையைக் கல்லால் கட்டப்போகிறது. நீர் எலிகளின் வளை இருக்கும் மேற்குக் கரையையாவது விட்டுவைக்கும்படி கேட்டுக் குழு ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரம் எனது குறிப்பேடுகள் மட்டுமே. நேற்று ஹரிப்பிரியா மூன்றையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "வலை போட்டவர் எழுதின குறிப்பை யார் அங்கிள் நம்புவாங்க?"

எனக்கு உங்களிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டும். "வலையைப் போட்டது நான், விக்னராஜா அல்ல" என்று நீங்கள் ஹரிப்பிரியாவுக்கு எழுதும் ஒரு கடிதம். இம்மாத முடிவுக்குள் அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
சி. விக்னராஜா

*

சிட்னி
12 பெப்ரவரி

சம்பந்தி,

எனக்குக் கண் சரியில்லை எண்டு உங்கட கடிதத்தை என்ர மனிசி ராஜகுமாரிதான் சத்தமாக வாசிச்சவ. முதல் பக்கம் சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சா. பிறகு சிரிக்கேல்லை. பேனை பிடிச்சு எத்தினையோ வருசம். நான் கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், பிழை பிடிக்காதையுங்கோ.

ஒரு எலிக்காக எனக்குக் கடிதம்! இருபத்திரண்டு வருசம் சிட்னியிலை பஸ் ஓடினனான். வெறிகாரன் துப்பியிருக்கிறான், பொடியள் கல்லெறிஞ்சிருக்கிறாங்கள். ஒருத்தரும் எனக்கு "இம்மாத முடிவுக்குள்" எண்டு தவணை வைக்கேல்லை.

வலை தடை எண்டு எனக்குத் தெரியாது. ஆரோ வீட்டுச் சாமான் வித்த இடத்திலை வாங்கினது. அது என்ர பிழை, சரி. உங்களுக்குத் தெரியும்தானே? பலகையிலை தமிழிலை எழுதினவர் நீங்கள்தானே? நான் கார் டிக்கியைத் திறந்து வலையை வெளியிலை எடுக்கேக்கை பக்கத்திலை நிண்டது ஆர்? "சம்பந்தி, இது கூடாது." மூண்டு சொல்லு. அந்த மூண்டு சொல்லைச் சொல்லியிருந்தா நான் திரும்ப டிக்கிக்குள்ளை எறிஞ்சிருப்பன். நீங்கள் என்ன செய்தனீங்கள்? உள்ளை போய்க் கொடிக் கயிறு வெட்டிக்கொண்டு வந்தனீங்கள். நான் ஒரு முடிச்சுப் போட, "அது வழுக்கும் சம்பந்தி, விடுங்கோ" எண்டு அவிட்டுப்போட்டு உங்கட கையாலை கட்டினனீங்கள்.

எங்கை போடுறது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கட புத்தகத்தை விரிச்சு, சிவப்புப் பேனையாலை கீறின படத்தைக் காட்டி, "இந்தக் கொங்கிரீட் குழாயடியிலைதான் யாபிக் கோது கனக்கக் கிடக்கும்" எண்டு சொன்னது ஆர்? எலி சாப்பிடுற இடம் எண்டால் இறால் இருக்கிற இடம். நான் உங்கட படத்தைப் பாத்துத்தான் போட்டனான்.

அதுவும் ஆருக்காக? உங்கட பிறந்தநாளுக்கு.

இன்னுமொரு விஷயம் இருக்கு. அதை நான் எழுதமாட்டன். உங்கட ஞாபகத்தையே கேட்டுப் பாருங்கோ.

கடிதம் கிடிதம் ஒண்டும் தரமாட்டன்.

ஏசுதாசன்

*

கிளேட்டன்
25 பெப்ரவரி

திரு. ஏசுதாசன் அவர்களுக்கு,

கயிறு: உண்மை. முடிச்சு: உண்மை. படம்: அதுவும் உண்மை. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டரை வருடத்தில் என் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கக் கேட்ட முதல் உறவினர் நீங்கள்தான். அந்தச் சந்தோஷத்தில் காட்டக்கூடாத பக்கத்தையும் காட்டிவிட்டேன். உங்களை வேண்டாம் என்று ஏன் தடுக்கவில்லை என்று நானும் தினமும் என்னைக் கேட்கிறேன். நீங்கள் அவ்வளவு உற்சாகமாக இருந்தீர்கள். சுதன் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் தன் தகப்பனோடு சிரித்து நான் கண்டது குறைவு. ஷாமினி என்னைப் பார்த்து, "அப்பா, ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். இவை காரணங்கள்தானா, சாட்டுகளா என்று எனக்கே உறுதியில்லை.

ஆனால் "ஒரு எலிக்காக" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் விடமுடியாது.

நான் அவளை முதன்முதலில் கண்டது 2021 ஜூலை 11, காலை 7.20. குளத்தின் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. பாதி அமிழ்ந்து கிடக்கும் கொங்கிரீட் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு சிப்பியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலின் நுனி, மூன்று விரல் அளவுக்கு, வெள்ளைப் பெயின்டில் தோய்த்ததுபோல் இருந்தது. நான் கையுறையைக் கழற்றி நேரத்தை எழுதினேன். அதற்கு முந்தைய எட்டு மாதமும், ஷாமினியின் தாய் போனபிறகு, நான் காலையில் எழும்பியதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இதை நான் ஷாமினிக்குக்கூடச் சொன்னதில்லை.

குளிர்காலத்தில் அவள் தனியாகவே இருப்பாள். ஓகஸ்டின் கடைசியில் கரையோரப் புல்லில் புதுத் தடம் விழும். செப்டெம்பரில் இரண்டு ஆண்கள் சண்டைபிடிக்கும், நாணலுக்குள் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். நவம்பரில் குட்டிகள் குழாயில் ஏறப் பழகும். 2022இல் நான்கு, 2023இல் மூன்று. அவற்றில் ஒன்று எப்போதும் வழுக்கி விழும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், தன் பாட்டில் யாபியின் தலையைக் கடித்துக்கொண்டிருப்பாள். டிசெம்பரில் தண்ணீர் வற்றிச் சேறு வெடிக்கும்போது வளையின் வாசல் வெளியே தெரியும். நாய்கள் மணந்துபிடிக்காமல் இருக்க நான் இரண்டு தரம் நாணல் வெட்டிப் போட்டிருக்கிறேன். குறிப்பெழுதுபவர் தலையிடக்கூடாது. தலையிட்டேன் என்று அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் எலி என்கிறீர்கள். நான் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டம் குறித்தவன். ஒரு நாளும் பிழையாக எழுதவில்லை. எனது குறிப்பை நம்பமுடியாது என்று ஒருவர் பையில் போட்டுத் திருப்பித் தந்தது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. அதை உங்களுக்காகப் பெற்றுக்கொண்டேன். நீங்கள் அதைக் கூழோடு சேர்த்துக் குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறீர்கள்.

ஞாபகத்தைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். உங்களுக்குச் சாதகமாக அதில் ஒன்றும் இல்லை.

கடிதத்துக்கு இன்னமும் காத்திருக்கிறேன்.

சி. விக்னராஜா

*

சிட்னி
9 மார்ச்

விக்னராஜா,

என்ர மகனுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?

நேற்றுச் சுதன் போன் எடுத்தான். "அப்பா, மாமா என்ர வீட்டிலை எனக்கு முன்னாலை குனிஞ்சுகொண்டு திரியிறார். றோட்டிலை ஒருத்தரும் அவரோடை கதைக்கினமில்லை. நீங்கள் செய்த வேலைக்கு" எண்டு கத்தினான். என்னைப் பாத்து ஒரு நாளும் கத்தாத பிள்ளை. நானும் கத்தினன். ராஜகுமாரி போனைப் பறிச்சு வைச்சா. ஈஸ்ரருக்கு அங்கை வாறதாய் இருந்தம். இனி வரமாட்டம். ரிக்கற் திருப்பியாச்சு.

உங்களுக்கு இப்ப சந்தோசம்தானே? நீங்கள் வாய் திறக்கமாட்டீங்கள். வாய் திறக்காமலே எல்லாத்தையும் செய்விச்சுப் போடுவீங்கள். கோபக்காரனைச் சமாளிக்கலாம், ஐயா. உங்களைப் போலை பேசாமல் நிண்டு, எழுதி வைச்சு, பிறகு வருசம் மாதம் நேரம் எல்லாத்தோடையும் எடுத்து நீட்டுற ஆளை என்ன செய்யிறது?

உங்கட ஞாபகத்திலை ஒண்டும் இல்லையோ? சரி. ஒரு வயசாளியை வெட்கப்படுத்தக்கூடாது எண்டு நானும் பேசாமல் இருக்கிறன். எனக்கும் பேசாமல் இருக்கத் தெரியும்.

ஏசுதாசன்

*

கிளேட்டன்
6 ஏப்ரல்

ஏசுதாசன்,

"அவர்களுக்கு" என்று எழுதி வெட்டிவிட்டேன். இது முதல் பிரதி. திருத்தவில்லை.

நான் சுதனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குக் கண் இருக்கிறது. ஈஸ்டருக்கு ஷாமினி ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு, மூன்று பேருக்குப் பரிமாறினாள். சுதன் சாப்பிட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்திருந்தார். உங்கள் கௌரவத்துக்கு இந்த வீடு கொடுக்கும் விலை இது.

தாயோடு செத்தது ஒரு குட்டி. மற்ற இரண்டும் உயிரோடு இருந்தன, அதை உங்களுக்குச் சொல்லவில்லை. பெப்ரவரி 9க்குப் பிறகு ஒன்றைத்தான் கண்டேன். அது குழாயில் ஏறி உட்காரும். பக்கத்தில் இடம் விட்டு உட்காரும். மார்ச் 20க்குப் பிறகு அதுவும் இல்லை. பதினேழு நாள், காலையும் மாலையும் போய் நின்றிருக்கிறேன். பதினேழு நாளும் எழுதியது ஒரே வரி. "காணவில்லை." குளத்துப் பாலத்தில் ஆட்கள் வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன். நாய் கொண்டு வருகிற ஒருவர் தினமும் எனக்குக் கையசைப்பவர், இப்போது நாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார், ஏதோ நான் அதைக் கடித்துவிடுவேன் என்பதுபோல.

நீங்கள் வாழ்நாள் முழுவதும் சத்தமாகக் கதைத்தே தப்பியவர். சத்தம் போட்டால் எதிரே நிற்பவன் ஒதுங்கிவிடுவான் என்று பழகியிருக்கிறீர்கள். நான் ஒதுங்கினேன். சனிக்கிழமை ஒதுங்கினேன், செவ்வாய்க்கிழமையும் ஒதுங்கினேன். இனி ஒதுங்கமாட்டேன். நீங்கள் ஒரு கோழை. இந்தச் சொல்லை எழுதிவிட்டேன், வெட்டப்போவதில்லை.

எனக்காகப் பேசாமல் இருக்கிறீர்களாம். யார் கேட்டது? வைத்திருக்கும் விஷயத்தை எழுதுங்கள். எனக்குப் பயமில்லை.

விக்னராஜா

*

சிட்னி
2 ஜூன்

சம்பந்தி,

கோழை எண்டு வாசிச்சவுடனை ராஜகுமாரி கடிதத்தை மடிச்சு வைச்சிட்டா. நான்தான் பூதக்கண்ணாடி வைச்சு மிச்சத்தை வாசிச்சன். கெட்ட கோபம் வந்தது. பதில் எழுதத்தான் இருந்தன். பக்கத்திலை இடம் விட்டு உட்காரும் எண்டு எழுதியிருந்தீங்கள். அதிலை நிண்டுபோச்சு.

அப்பிடி என்னத்தைத்தான் இந்த மனிசன் பாக்கிறார் எண்டு பரமட்டா ஆற்றங்கரைக்குப் போனன். படகுத்துறையிலை தூண்டில் போடுறவங்களைக் கேட்டன். "வாறதெண்டால் விடிய வெள்ளெனக் கல்லடியிலை வரும்" எண்டாங்கள். நாலு நாள் சும்மா குளிர் பிடிச்சதுதான் மிச்சம். ராஜகுமாரி, "இஞ்சேருங்கோ, நீங்களும் இப்ப சம்பந்தி மாதிரி ஆகிட்டீங்கள், ஒரு கொப்பியும் வாங்கித் தரட்டோ?" எண்டு பகிடி பண்ணினா. ஐஞ்சாம் நாள் வந்தது.

அதின்ர கையை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் "இரண்டு கையாலும்" எண்டு எழுதினீங்கள்தான். நான் அதை வாசிக்கேல்லை, சும்மா கேட்டனான். சிப்பியைப் பிடிச்சு, பொருத்திலை பல்லை வைச்சு, கொஞ்சம் பொறுத்து, பிறகு நெம்பிச்சு. என்ர அப்பு மட்டி உடைக்கேக்கையும் அப்பிடித்தான் கொஞ்சம் பொறுப்பார். எனக்கு அது பிடிக்கேல்லை, சம்பந்தி. எழுபத்திரண்டு வயசிலை, தண்ணிக்குள்ளை கிடக்கிற ஒண்டுக்காக நான் அப்புவை நினைக்க வேண்டிய தேவை என்ன? உங்களாலை எனக்கு இனி ஒரு இறால் வாங்கவும் மனம் வராது. அந்தக் கோபம் போகேல்லை.

உங்களுக்கு வேணுமெண்ட கடிதம் உள்ளை இருக்கு. இங்கிலீசு அயல்வீட்டு யோகா ரீச்சர் திருத்தினவ. வலை என்ர, போட்டது நான், திரும்பப் போட்டதும் நான், மறந்து போனதும் நான். கையெழுத்தும் விலாசமும் இருக்கு. தண்டம் வந்தால் எனக்கு வரட்டும்.

இனி மற்ற விஷயம். எழுதச் சொன்னீங்கள், எழுதிறன்.

திங்கட்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, சிட்னிக்கு வாற வழியிலை கண்டகாய் எண்ட ஊரிலை பெற்றோல் அடிக்கேக்கை எனக்கு வலை ஞாபகம் வந்தது. உடனை உங்கட போனுக்குத்தான் எடுத்தன். "சம்பந்தி, வலை தண்ணிக்குள்ளை கிடக்கு, மறக்காமல் இழுத்துப் போடுங்கோ" எண்டு சொன்னன். நீங்கள் "ஓம், ஓம்" எண்டீங்கள். ரெண்டு தரம்.

மறந்திட்டீங்கள் எண்டுதான் நான் நினைச்சன். வயசு போனால் மறக்கும்தானே. அதை எடுத்து உங்கட முகத்திலை எறிஞ்சால் உங்கட நிலைமை என்ன? அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். ஹரிப்பிரியாவுக்கு எழுதின கடிதத்திலையும் அது இல்லை. போடுறதோ விடுறதோ, நீங்கள் பாருங்கோ.

ஏசுதாசன்

*

கிளேட்டன்
8 செப்டெம்பர்

சம்பந்தி,

உங்கள் கடிதம் ஜூன் 6 வந்தது. மூன்று மாதம் பதில் எழுதவில்லை. மேசை லாச்சியில் வைத்திருந்தேன். உங்களிடம் கேட்டது கைக்கு வந்தபின் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க என் கால் வரவில்லை.

நான் மறக்கவில்லை. உங்கள் போன் வந்தது 4.32. நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாலை 7.40க்குக் குறிப்பேட்டோடு குளத்துக்குப் போனேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. பாலத்தில் இரண்டு குடும்பங்கள் நின்றன. அந்த நாய்க்காரரும் நின்றார். கயிறு என் காலடியில், நான் கட்டிய முடிச்சோடு இருந்தது. இழுத்தால் அத்தனை பேருக்கும் முன்னால், தடை செய்த வலையோடு, அறிவித்தல் எழுதிய நானே நிற்கவேண்டும். நாளை விடிய, ஒருவரும் இல்லாத நேரத்தில் எடுக்கலாம் என்று நினைத்தேன். அப்போதும் கை சும்மா இருக்கவில்லை. பேனையை எடுத்து எழுதினேன். மூன்றாம் குறிப்பேடு, 118ஆம் பக்கம்: "மாலை 7.52. கயிறு தெரிகிறது. தாய், குட்டி ஒன்று, குழாயடியில்."

திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். மட்டத்தைக் குறிப்பது என் பொறுப்பு, மதகைத் திறப்பது வேறொருவர் பொறுப்பு. எழுதிவிட்டால் என் வேலை முடிந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடுகிறது. குறித்துவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய் காலை ஹரிப்பிரியா வலையை இழுப்பதை ஜன்னலால் கண்டேன். அவர் எங்கள் வாசலுக்கு வரமுன், நான் 118ஐக் கிழித்துச் சட்டைப்பையில் மறைத்தேன். ஆகவே நான் சொன்ன அந்த "ஓம்" உங்களுக்காகச் சொன்னதல்ல. பாதி உங்களுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். மற்றப் பாதி, வலை யாருடையது என்று விசாரித்தால் போன் விஷயம் வெளியே வரும் என்ற பயம். ஏழு மாதம் உங்களை நான் கோபித்தேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தை நான் திரும்பப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஓகஸ்ட் 31 மாலை மேற்குக் கரையில் இன்னொரு வலை கிடந்தது. யாரோ போட்டது, பச்சைக் கயிறு. நான் சப்பாத்தோடு முழங்கால் வரை இறங்கி இழுத்தேன். உள்ளே இரண்டு யாபியும் ஒரு போத்தலும்தான். கரையேறும்போது அந்த நாய்க்காரர் எதிரே நின்றார். "You again?" என்று கத்தினார். கத்திக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்தார். பாலத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். வலை கையில் சொட்டச் சொட்ட அப்படியே நின்றேன். பிறகு அவர் போய்விட்டார்.

அடுத்த நாள் ஹரிப்பிரியாவின் கதவைத் தட்டினேன். உங்கள் கடிதம், புதிய வலை, மூன்று குறிப்பேடுகள், 118ஆம் பக்கம். எல்லாவற்றையும் அவர் வாசலிலேயே நின்று வாசித்தார்.

"116க்கு அப்புறம் 119 இருந்துச்சு. ஒரு தாள் குறையுதேன்னு அப்பவே பார்த்தேன் அங்கிள். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"மன்னிக்க வேணும், பிள்ளை."

"இதை நான் அறிக்கையில சேர்க்கணும். கிழிச்ச பக்கத்தையும் சேர்த்துத்தான்."

"சேருங்கோ."

"இனி குறிப்பை நம்புவாங்க." குறிப்பேடுகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவைப் பாதி சாத்தினார். "ஆனா இனிமே காலைல என்னைக் கூப்பிடாதீங்க அங்கிள். என்னால உங்ககூட அங்க வந்து நிக்க முடியாது."

அது நியாயம் என்று நினைக்கிறேன். நியாயம் என்று நினைத்தாலும் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

சுதனுக்கும் ஷாமினிக்கும் இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். சுதன் எழும்பிப் போய் உங்களுக்குப் போன் எடுத்தார். என்ன கதைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் கதைத்தார், கத்தவில்லை. ஷாமினி என்னோடு ஒரு வாரமாக அளந்துதான் பேசுகிறாள். "ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கண்ணைக் காட்டியதை அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலும். கவுன்சிலின் முடிவு இன்னும் வரவில்லை. கரையில் புதுத் தடம் ஒன்றும் இல்லை.

கோழை என்ற சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது விலாசம் மாறி வந்துவிட்டது. ஆனால் வலையை வாங்கியது நீங்கள், திரும்ப இறக்கியதும் நீங்கள். உங்கள் மேல் மிச்சமிருக்கும் கோபத்தை நான் விடப்போவதில்லை. நீங்களும் என் மேலுள்ளதை மரியாதைக்காக விட்டுவிடாதீர்கள். டிசெம்பரில் வாருங்கள். வந்து நேரே கத்துங்கள். நான் "ஓம், ஓம்" என்று சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஓகஸ்ட் 31, அந்த நாய்க்காரர் கத்தத் தொடங்கியதிலிருந்து திரும்பிப் போகும் வரை நான் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பத்துச் செக்கன். ஜனவரியில் நான் பயந்தது அவ்வளவுக்குத்தான்.

அவள் வலைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பது என் குறிப்பில் இல்லை.

விக்னராஜா